பெரியப்பா கடைசியில் வந்த பத்திரிகை

என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவின் பெயர் கடைசிக்குப் போனதற்குக் காரணம் ஒரு டேட்டாபேஸ். இதை நான் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. "பழியத் தூக்கி கம்ப்யூட்டர் பொட்டி மேல போடாத" என்றாள் அம்மா. நம்பாமல் போனதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் பின்னால் போனால், யாரோ தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம்.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். கீழ்த்தளத்தில் லேத் பட்டறை, மாடியில் நாங்கள். பத்திரிகை அச்சடிப்பவர்களுக்கு ஓர் இணையச் செயலி செய்து கொடுத்திருக்கிறோம். அச்சகத்துக்காரர் அதில் ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுப்பார், பெயர்களை நிரப்புவார், சரிபார்க்க ஒரு புரூஃப் வரும். அதைக் குடும்பத்துக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். அவர்கள் சரி என்றால் அச்சு ஓடும். சொந்தக்காரர்களிடம் நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதில்லை. சாஃப்ட்வேர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பத்திரிகை என்று வாயைத் திறந்தால், "அப்ப நம்ம வீட்டு விசேஷத்துக்கு நீயே அடிச்சுக் குடுத்துடு" என்பார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. நான்கு பெயர், ஒரு தேதி, ஒரு மண்டபம், அவ்வளவுதானே என்பார்கள். ஒரு பத்திரிகையைப் பிரித்து உட்கார்ந்து பாருங்கள். மூத்த பெண் என்றால் சிரேஷ்ட புத்திரி, இளையவள் என்றால் கனிஷ்ட புத்திரி, ஒரே பெண் என்றால் ஏக புத்திரி. தாத்தா இருந்தால் ஒரு வாக்கியம், இல்லையென்றால் தெய்வத்திரு சேர்த்து வேறு வாக்கியம். பூந்தமல்லிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்கு அந்த இடத்தில் மர்ஹூம் வர வேண்டும். பெயருக்குப் பின்னால் பட்டம், பட்டத்துக்குப் பின்னால் உத்தியோகம், ஓய்வு பெற்றிருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணம் யாருக்கு என்பதைவிட இதற்குத்தான் அதிகம் மை செலவாகிறது.

ஆரம்பத்தில் இதில் ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸில் தனித்தனிக் கட்டம் வைத்தோம். அட்டவணை அகலமாகிக்கொண்டே போனது. ஒரு குடும்பத்தில் மூன்று தாய்மாமாக்கள் வந்து நின்றார்கள், எங்களிடம் இருந்ததோ இரண்டு பேருக்கான இடம். மூன்றாவது மாமாவை எங்கே வைப்பது என்று ஒரு மதியம் முழுக்கக் கூட்டம் போட்டோம். படித்துப் பட்டம் வாங்கிய நாலு பேர், யாரென்றே தெரியாத ஒரு மாமாவுக்காக அடித்துக்கொண்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு தனிக் கட்டங்களைக் கைவிட்டு, ஒரு பத்திரிகையின் விவரம் முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் ஓர் ஒழுங்கில் எழுதி வைக்கத் தொடங்கினோம். 'பெரியப்பா' என்று ஒரு சீட்டு, அதற்கு நேரே பெயர்கள். 'தாய்மாமா' என்று ஒரு சீட்டு, அதற்கு நேரே எத்தனை மாமா வேண்டுமானாலும். டெம்ப்ளேட் அந்தக் கட்டத்தைப் பிரித்துப் படித்து, சீட்டுகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் அச்சுக்கு அனுப்பும். இது நன்றாகவே ஓடியது.

அச்சகங்கள் கூடக் கூட, பழைய பத்திரிகையைத் தேடி எடுப்பது மெதுவாகிவிட்டது. ஆகவே அந்தக் கட்டத்தின் வகையை மாற்றினோம். பழைய வகை, கொடுத்ததைக் கொடுத்தபடியே வெறும் எழுத்தாக வைத்திருக்கும். புதிய வகை, உள்ளே வாங்கும்போதே சீட்டுகளைப் பிரித்து, தேடுவதற்குத் தோதாக அடுக்கிக்கொள்ளும். மாற்றுவதற்கு முன் ஓட்டிய சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. எல்லாப் பெயரும் இருக்கிறதா? இருக்கிறது. எழுத்து எதுவும் சிதைந்ததா? இல்லை. யார் முன்னே, யார் பின்னே என்று எந்தச் சோதனையும் கேட்கவில்லை. தேடல் பறந்தது. மேலாளர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அதே வாரத்தில்தான் என் தங்கையின் பத்திரிகை.

இங்கே எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கை. எல்லோரும் அம்பத்தூரில் ஒரே பழைய வீட்டில் இருந்தவர்கள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவது என்று பேச்சு வந்தபோது, அப்பா முதலில் பில்டரிடம் பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் பெரியப்பாவிடம் சொன்னார். பங்கில் யாருக்கும் குறையில்லை. கேட்கவில்லை என்பதுதான் குறை. பெரியப்பா தன் பங்கை வாங்கிக்கொண்டு பெரியம்மாவோடு வேப்பம்பட்டுக்குப் போய்விட்டார். அப்பா அங்கே எழுந்த ஃபிளாட்டிலேயே இருந்துகொண்டார். அதன்பிறகு அப்பா வாயில் 'அண்ணன்' என்ற சொல் வந்ததில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் 'வேப்பம்பட்டுக்காரரு' என்பார்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு மொபெட்டில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்து, கணக்குச் சொல்லிக் கொடுத்து, அவள் வாங்கிய அடிகளையெல்லாம் பாதியில் தடுத்தவர் அவர்தான். கல்லூரிக் காலத்தில் அவள் அப்பாவுக்குத் தெரியாமல் ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போய் வருவாள். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை இல்லை, பட்டு இல்லை. "பெரியப்பா வந்து முன்னாடி நிக்கணும். அவர் இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள். அம்மா வேப்பம்பட்டுக்குப் போய்ப் பேசினாள். பெரியப்பா அதிகம் பேசவில்லையாம். "என் பேர எங்க போடணுமோ அங்க போடு. பத்திரிகைய எடுத்துகினு வாங்க. வரேன்" என்றாராம். அப்பாவிடம் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போடச் சொல்லு" என்றார். அதுவே பெரிய விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பத்திரிகையைப் பூந்தமல்லியில் ஒரு அக்கா நடத்தும் அச்சகத்தில் கொடுத்தோம். எங்கள் செயலியை முதன்முதலில் வாங்கிய வாடிக்கையாளர்களில் அவரும் ஒருவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை. திரையில் அந்த வரிசையில்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் புரூஃப் வந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சித்தப்பா, "பேருக்குப் பின்னால பி.காம். விட்டுப்போச்சு" என்று எழுதினார். தாய்மாமா தன் கடைப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, கட்டைவிரலைத் தூக்கினார். அத்தை இரண்டு இதயம் போட்டாள். அப்பா, "ஓகே" என்றார். நான் ஓரங்களையும் எழுத்தின் அளவையும் பார்த்தேன். தொழில்காரி அல்லவா. பி.காம். சேர்த்து, அச்சுக்குப் போனது. பெரியப்பா அந்தக் குரூப்பில் இல்லை. வீட்டுப் பிரச்சனையின்போது வெளியேறியவர். அவரைத் திரும்பச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் பத்திரிகையை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கோயிலில் வைத்துவிட்டு, அடுத்ததை வீட்டுக்குப் பெரியவருக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கென்று அப்பாவுக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. அம்மாவும் சித்தப்பாவும் போனார்கள்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்து, விரல் வைத்துப் படித்தாராம். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றதாம். முதலில் அத்தை, அப்புறம் தாய்மாமா, அப்புறம் சித்தப்பா, எல்லோருக்கும் கீழே பெரியப்பா. பத்திரிகையை மடித்து உறையில் போட்டு, தாம்பாளத்திலேயே திரும்ப வைத்துவிட்டாராம்.

"உன் பேரு மேல கீது. நீயே முன்ன நின்னு நடத்து" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மா ஆபீஸுக்குப் போன் செய்து அழுதாள். எனக்கு முதலில் சந்தேகம் சித்தப்பாவின் மேல்தான் வந்தது. பி.காம். சேர்க்கிற சாக்கில் அச்சகத்தில் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று. கோபத்தோடு பூந்தமல்லி அக்காவைக் கூப்பிட்டு, வரிசையை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கும்மா மாத்தப் போறேன்?" என்று அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "நானே உனக்கு போன் போடணும்னு இருந்தேன். இன்னா பண்ணி வெச்சிகீறீங்க நீங்க? நேத்து ஒரு நிக்காஹ் கார்டு. அதுலயும் மூத்தவரு கடைசில நிக்கிறாரு. நல்ல வேளை, அவங்க ஊட்ல புரூஃப முதல்ல அவருகிட்டதான் காட்னாங்க. அடிக்கிறதுக்கு முன்ன மாட்டிச்சி."

போனை வைத்துவிட்டு டேட்டாபேஸைத் திறந்தேன். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை என்று நாங்கள் கொடுத்ததை அது அத்தை, தாய்மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று வைத்திருந்தது. அப்படியே தலைகீழ். சீட்டின் பெயர் எவ்வளவு நீளம் என்று பார்த்து, குட்டையை முன்னேயும் நெட்டையைப் பின்னேயும் அடுக்குகிறது, பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல. சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே உயரம். அங்கே அகரவரிசை பார்த்துச் சித்தப்பாவை முன்னால் விட்டிருக்கிறது. கொடுத்த வரிசையைக் காப்பாற்றுவதில்லை என்று அந்த வகையின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் எங்களில் யாரும் அந்தப் பத்தி வரை போகவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. சித்தப்பா செய்யவில்லை, அப்பா செய்யவில்லை. இதை நான் நிரூபிக்கலாம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, டெம்ப்ளேட் அந்த எண்ணைப் பார்த்தே படிக்கும்படி அன்று சாயங்காலமே மாற்றினோம். அக்கா முணுமுணுத்துக்கொண்டே புதுப் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். அதில் பெரியப்பா முதலில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பத்திரிகையையும் ஆபீஸ் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டுக்கு ரயிலேறினேன். ஆவடி தாண்டும்வரை, பெரியப்பாவுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, பொட்டியெல்லாம் தூக்கிகினு வந்துகீற?" என்றார். குரலில் கோபம் இல்லை. பெரியம்மா மோர் கொண்டுவந்தாள்.

லேப்டாப்பைத் திறந்து, வரிசை எண் சேர்ப்பதற்கு முன்பிருந்த முறையிலேயே ஒரு பத்திரிகை தயார் செய்து காட்டினேன். "நீங்களே சொல்லுங்க பெரியப்பா" என்றேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். சேமித்தேன். திரும்பத் திறந்தேன். எல்லோரும் தலைகீழாக நின்றார்கள்.

"அட, அத்தைக்காரி மேல ஏறிட்டாளே!" என்று பெரியம்மா சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். மறுபடியும் அதே தலைகீழ்.

"சரி. மிஷின்தான் மாத்திகீது. புரிஞ்சிது" என்றார்.

பையிலிருந்து புதுப் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"அடிக்கிறதுக்கு முன்ன காட்டுவாங்க இல்ல?"

"காட்டுவாங்க பெரியப்பா. குரூப்ல போட்டேன்."

"யாரு யாரு பாத்தாங்க?"

"எல்லாரும் பாத்தாங்க."

"உங்கப்பன்?"

"பாத்தாரு."

"நீ?"

"பாத்தேன்."

லேப்டாப்பை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அப்புறம், "இத்தினி பேரு படிச்சிகீறீங்க. பெரியவன் பேரு எங்க கீதுன்னு ஒருத்தரும் தேடல. அதுக்கும் மிஷினா காரணம்?" என்றார்.

ரயிலில் பார்த்த ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை. அவர் முன்னால் அழக்கூடாது என்று, தலையைக் குனிந்துகொண்டு சார்ஜர் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடியும் சுற்றினேன்.

"கார்ட எடுத்துகினு போ. தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

அம்பத்தூருக்கு வந்து, நடந்ததை அப்படியே சொன்னேன். பாதியை முழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், முடியவில்லை. தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அம்மா என்னையும் சித்தப்பாவையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினாள். அப்பாவை மட்டும் திட்டவில்லை.

காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "அந்தப் புது கார்டு ஒண்ணு குடு" என்றார்.

"அப்பா, பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. இது கம்ப்யூட்டர்ல நடந்தது, எங்க ஆபீஸ்லயே ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க. வேணும்னா எழுதித் தரேன்."

"உன் கம்ப்யூட்டர நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாவற்றையும் தானே எடுத்து ஒரு பையில் வைத்துக்கொண்டு, தனியாகவே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அன்று அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. புரூஃப் அனுப்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்தேன். அதில் பூ வேலை, பிள்ளையார், மண்டபம் எதுவும் கிடையாது. பெயர்கள் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக, பெரிய எழுத்தில். கீழே ஒரு கேள்வி: 'இந்த வரிசையை வீட்டுக்கு மூத்தவர் பார்த்தாரா?' பார்த்தார் என்று அழுத்தினால்தான் மேலே போகும். மேலாளர் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்றார். பூந்தமல்லி அக்காகூட, "ஒவ்வொரு கார்டுக்கும் இது வேறயா?" என்று இன்றுவரை அலுத்துக்கொள்கிறார். நான் எடுக்கவில்லை. எடுக்கப் போவதும் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அப்பா வரவில்லை. போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு முறை லிஃப்ட் சத்தம் கேட்கும்போதும் அம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வெயில் சாய ஆரம்பித்த பிறகு வந்தார். பை காலியாக இருந்தது. தங்கை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா ஆச்சு? கம்ப்யூட்டர்னு சொன்னீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அதப் பத்தி நான் இன்னாத்துக்குப் பேசணும்? அவருகிட்ட, கார்டு வந்திச்சி, படிச்சேன், என் பேரு சரியா கீதான்னு பாத்தேன். உன் பேர தேடல. அன்னிக்கு வீட்டு விஷயத்துலயும் உன்ன கேக்கல. தப்புதான்னு சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. அம்மா எதுவும் கேட்காமல் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றக் கரண்டியை எடுத்தபோது, அப்பா தட்டை ஒரு பக்கமாக நகர்த்தினார்.

"எனக்கு வேணாம். சாப்ட்டேன்."

"எங்க?" என்றாள் அம்மா.

"அண்ணன் ஊட்ல."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தங்கை வந்து அந்தத் தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, குழம்பை ஊற்றச் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தாள்.